தார்ப்பாய் தேட வைத்த மேகங்கள்

தென்காசிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பதினான்கு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் களம். புழுங்கலுக்கு ஊறவைத்து அவித்த நெல்லை அங்கேதான் கொட்டிக் காய வைப்பார்கள். காய்கிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் போச்சு. அரிசியின் நிறம் மங்கும், வாடை வரும், விலை இறங்கும். அதனால் எங்கள் ஆலையில் எல்லோருக்கும் ஒரு கண் வானத்தின் மேல்தான். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் உலை வைத்துக்கொண்டிருக்கும்போது மேற்கே கறுத்தால்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மகள் பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அவளுடைய கேமல் வாட்டர்கலர் பெட்டி சும்மா கிடந்தது. ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க மாடிக்குப் போனேன். பால் பொங்கிப் பானை விளிம்பில் வழிவதுபோல மலைக்கு மேலே மேகம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் களத்தில் நெல் இல்லை. பயப்பட ஒன்றுமில்லாமல் மேகத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கீழே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன்.

முதல் பத்துப் படங்கள் பாழ். நீலம் பூசுவேன், மேகம் திருப்தியாக இருக்காது, மறுபடியும் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கித் தொடுவேன். பாதி காய்ந்த இடத்தில் புதுத் தண்ணீர் பட்டதும் ஓரமெல்லாம் காலிஃபிளவர் மாதிரிப் பூத்துவிடும். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. வானத்துக்குக் காகிதம் முழுவதையும் முதலில் நனைத்துவிட வேண்டும். நனைத்ததும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். அப்போது வண்ணம் வைத்தால் கட்டுக்கடங்காமல் ஓடும். பளபளப்பு குறைந்து, ஈரம் மட்டும் மிச்சம் இருக்கிற ஒரு பக்குவம் வரும். மேகத்தின் ஓரம் மெத்தென்று விழுவது அந்தப் பக்குவத்தில்தான். ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் அது இரண்டு நிமிடம்கூட நிற்காது. காகிதத்தைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் எங்கே மின்னுகிறது, எங்கே மங்கியது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போன் அடித்தாலும் எடுக்க முடியாது. நாள் முழுக்க மூட்டைக் கணக்கு ஓடுகிற என் தலையில் அந்த நேரத்தில் ஓர் எண்கூட இருப்பதில்லை. எனக்கு இதில் கிடைக்கிற நிம்மதி அந்த இரண்டு நிமிடம்தான். படம் நன்றாக வந்தால் கூடுதல் சந்தோஷம்.

நான் சொல்ல வந்த அனுபவம் இதற்கு அப்புறம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலை மாடியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் களத்தில் நெல் கிண்டுகிற பெரியவர் ஏறி வந்தார். எழுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். எப்போது தார்ப்பாய் போட வேண்டும் என்று முதலாளிக்கே அவர்தான் சொல்வார். என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாயி, மேகத்துக்கு அடி இப்படி உருண்டையா இருக்காது. அந்தா பாரு, அருவாளால சீவுன மாதிரி இருக்கும். உருண்டு நிக்கிறதெல்லாம் மேல்பக்கம்தான்" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மலையிலிருந்து கயத்தாற்றுப் பக்கம் வரைக்கும் இருந்த அத்தனை மேகங்களுக்கும் அடி ஒரே மட்டம். தரையில் சூடேறிய காற்று மேலே போகப் போகக் குளிர்ந்து, ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் அதிலுள்ள ஈரம் துளியாகிறது. மேகம் ஆரம்பிப்பதே அந்த மட்டத்தில் என்று பிற்பாடு படித்தேன். அவர் படித்துச் சொல்லவில்லை. "அடி கலைஞ்சு திரை மாதிரி தொங்கிச்சின்னாத்தான் நான் தார்ப்பாயத் தேடுவேன். இது தொங்காது, நீ வரை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பதினான்கு வருடம் மேகத்தைப் பார்த்துப் பயந்தேனே தவிர, அதன் அடியைப் பார்த்ததில்லை.

ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கிலேய ஓவியரைப் பற்றித் தெரிந்துகொண்டதும் இதை ஒட்டித்தான். 1821, 1822 ஆகிய இரண்டு வருடங்களில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட் மேட்டிலிருந்து வெறும் மேகங்களாக வரைந்து தள்ளியிருக்கிறார். காகிதத்தில் எண்ணெய் வண்ணம். பல படங்களின் பின்பக்கம் தேதி, நேரம், பார்த்த திசை, காற்றின் போக்கு எல்லாம் குறித்திருக்கிறார். ஒன்றில் 1822 செப்டம்பர் 5, நண்பகல், தென்கிழக்கு நோக்கி, காற்று நல்ல வேகம் என்று இருக்கிறது. அவருடைய அப்பா மாவு ஆலைக்காரர், இளம் வயதில் இவரும் காற்றில் சுற்றுகிற ஆலையில் வேலை பார்த்தவர் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காற்றும் மேகமும் அவருக்கும் முதலில் பிழைப்பாகத்தான் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து நானும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதுகிறேன். தேதி, மணி, மேல்காற்றா கீழ்க்காற்றா, களத்தில் நெல் கிடந்ததா இல்லையா. நீங்களும் வானம் வரைகிறவர்களாக இருந்தால் ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்.

சென்னை, வேளச்சேரியிலிருந்து

அக்கா, எனக்கு இரவுப் பணி. விடியற்காலையில் வீடு வந்ததும் தூக்கம் வராது. மாடிக்குப் போய் உதயத்தை வரைவேன். ஆறு மாதம் என்னைப் படுத்தியது ஒன்றே ஒன்று: அடிவானத்து மஞ்சளும் மேலே உள்ள நீலமும் சேருகிற இடம் பச்சையாகிவிடும். இப்போது நடுவில் ஒரு விரல்கடை அளவு ரோஸ் வைக்கிறேன், அல்லது வெறும் தண்ணீரோடு விட்டுவிடுகிறேன். நிறம் தானாகக் கரைந்து போய்ச் சேரட்டும் என்று கையை எடுத்துவிட வேண்டும், அதுதான் கஷ்டம். வெண்மேகத்துக்கு டிஷ்யூ பேப்பரைக் கசக்கி, ஈரம் இருக்கும்போதே ஒற்றி எடுத்தால் போதும், வெள்ளை வண்ணமே வேண்டாம். இங்கே புழுக்கத்தில் காகிதம் காயவே காயாது, உங்கள் இரண்டு நிமிடம் எனக்கு ஏழெட்டு நிமிடம்.

பக்கத்து மாடியில் ஓர் அம்மா வடாம் பிழிவார்கள். என்னைத் தினமும் பார்த்துப் பார்த்து, இந்தப் பங்குனியில் ஒரு நாள், "தம்பி, நீதான் வானத்தையே பாத்துக்கிட்டு இருக்கியே, இன்னைக்கு வடாம் போடலாமா?" என்று கேட்டார்கள். கிழக்கே மெல்லிய கீற்று மேகம் மட்டும்தான் இருந்தது. போடுங்கம்மா என்றேன். சாயங்காலம் ஒரு தட்டு வந்தது.

மதுரையிலிருந்து

மாமியாருக்கு அறுவை சிகிச்சை ஆனபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அவர்கள் கட்டில் சுவர் ஓரம், ஜன்னல் என் நாற்காலிக்குப் பின்னால். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு முழம் வானம் தெரியும். பையில் இருந்தது பையனுடைய நீலக் கலர் பென்சில் ஒன்று. மருந்துப் பெட்டி அட்டையைப் பிரித்தால் உள்பக்கம் மங்கின வெள்ளை, மப்பும் மந்தாரமுமான வானத்தின் நிறம். மேகத்தை விட்டுவிட்டு நீலம் தெரிகிற இடத்தை மட்டும் தீட்டுவேன். "இன்னைக்கு வெளியில எப்படி இருந்துச்சு?" என்று அத்தை சாயங்காலம் கேட்பார்கள், அட்டையைக் காட்டுவேன். ஏழாம் நாள் முழுக்க மேகம், பென்சிலையே எடுக்கவில்லை. வெறும் அட்டையைக் காட்டினேன். "மழை வரும்போல" என்றார்கள். வந்தது. பதினோரு அட்டையையும் அத்தைதான் பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

தஞ்சாவூரிலிருந்து

சகோதரிக்கு, ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு சொல். கார்மேகத்துக்குத் தயவுசெய்து கறுப்பு டியூபைத் தொடாதீர்கள், வானம் கரிப்பிடித்த சட்டி மாதிரி செத்துப்போகும். அல்ட்ரமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு கலந்து பாருங்கள். நீலம் ஏறினால் ஐப்பசி மழை, சியன்னா ஏறினால் புழுதிக்காற்றுக்கு முந்தைய வானம். உச்சியில் நீலம் அடர்த்தி, அடிவானம் நோக்கி வர வர வெளுக்க வேண்டும். மேகங்களும் அப்படித்தான், தொலைவில் சின்னதாக, தட்டையாக, நெருக்கமாக. உங்கள் பெரியவரை நான் பார்த்ததில்லை, ஆனால் என்னைவிட நல்ல ஆசிரியர்.

மறுபடியும் தென்காசியிலிருந்து

ஐயா, சியன்னா வாங்கிவிட்டேன். மதுரை அக்காவின் ஏழாம் நாள் அட்டையைப் பெரியவரிடம் சொன்னேன், ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார். தம்பி காகிதம் பற்றிச் சொன்னதற்காக ஒன்று: 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கனமுள்ள பருத்திக் காகிதம் விலை அதிகம்தான், ஆனால் ஈரம் கூடுதல் நேரம் தாங்குகிறது. நான் ஒரு தாளை நான்காகக் கிழித்து வைத்துக்கொள்கிறேன்.

இன்று வரைந்தது மேசையில் காய்கிறது. பின்பக்கம் எழுதியது இது: ஆடி 9, மாலை 5.20, மேற்கு நோக்கி, மேல்காற்று. களத்தில் நெல் கிடந்தது. மேகத்தின் அடி தொங்க ஆரம்பித்ததும் வரைவதை விட்டுவிட்டு ஓடி, தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன். வலது மூலையில் உள்ள புள்ளிகள் சாரல் விழுந்தவை.