ஸ்பிளிட்: அரண்மனைக்குள் குடியேறிய மக்கள் அதைச் சிதைத்தார்களா, காத்தார்களா?

கேள்வி:
குரோவேசியாவின் ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள ஸ்பிளிட் நகரைப் பற்றி வாசித்து வருகிறேன். ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் 305இல் தாமாகவே பதவி துறந்து வந்து தங்கிய அரண்மனையின் மதில்களுக்குள், இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ரோமானியத் தூண்களுக்கு நடுவே வீட்டுச் சுவர் எழுப்பியிருக்கும் படங்களைப் பார்க்கும்போது, இவர்கள் பழைமையைச் சிதைத்தார்களா, காத்தார்களா என்ற ஐயம் எழுகிறது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
காத்தார்கள் என்றே உறுதியாகச் சொல்வேன். ஏழாம் நூற்றாண்டில் அவார்கள் என்ற நாடோடி இனத்தாரும் ஸ்லாவியரும் அருகிலிருந்த சலோனா நகரை அழித்தபோது, தப்பிய மக்கள் இந்த மதில்களுக்குள் தஞ்சம் புகுந்தனர். ஆள் இல்லாமற்போன சலோனா இன்று வெறும் இடிபாடு. ஆள் புகுந்த அரண்மனையோ நிற்கிறது. டயோக்ளீசியனின் எண்கோணக் கல்லறை மண்டபம் பேராலயமாயிற்று. அதுவும், அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்ட சலோனா ஆயர் புனித தோம்னியுஸின் பெயரில். பேரரசரின் உடல் என்னவாயிற்று என்பதற்குச் சுவடே இல்லை. அவரால் துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்களின் வழிபாடு அங்கே இன்றும் நடக்கிறது. வரலாற்றில் இதைவிட அழுத்தமான தீர்ப்பை நான் கண்டதில்லை. அரண்மனையில் இருந்த ரோமக் கடவுள் ஜூபிடரின் கோயிலும் அவ்வாறே திருமுழுக்கு மண்டபமாக மாறியதால்தான் அதன் கல் விதானம் தப்பியது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு நிலவறைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தரை கடலை நோக்கிச் சரிவதால், தென்பகுதியில் வளைவுக்கூரை அறைகளை எழுப்பி, அவற்றின் மேல் பேரரசரின் மாளிகையைக் கட்டினார்கள். மாளிகையின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆனால் மேலே இருந்த கூடங்களின் அமைப்பை அப்படியே கீழறைகள் பின்பற்றுவதால், அழிந்ததன் வரைபடம் நமக்குக் கிடைக்கிறது. இடைக்காலத்தில் குடியிருந்தவர்கள் தளத்தில் துளையிட்டுக் கழிவுகளைக் கீழே கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்தக் குப்பையே அறைகளை மாற்றத்திலிருந்து காத்தது. அகழ்ந்து வெளிக்கொணரும் பணி பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் நடந்தது.

மறுமொழி 3:
இருவர் கூறியதும் சரியே. எனினும், குடியிருப்பு மட்டுமே காத்தது என்று நிறுத்திவிட முடியாது. ஆஸ்திரிய ஆட்சிக் காலத்தில், ரோமானியக் கட்டடத்தை 'தூய்மையாக'க் காட்டுவதற்காகப் பிற்காலக் கட்டடங்களை இடித்துவிட வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல் 1903இல் அளித்த அறிக்கையில், இடைக்காலத்தின் அடுக்குகளுக்கும் மதிப்பு உண்டு என்று வாதிட்டார். அந்தப் பார்வை நிலைபெறாதிருந்தால், வெனிஸ் ஆட்சியின்போது எழுந்த மாளிகைகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? அரண்மனையை மட்டுமன்றி, அதைச் சூழ்ந்த வரலாற்றுப் பகுதியையும் சேர்த்தே யுனெஸ்கோ 1979இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இன்று அந்த வீடுகள் பல சுற்றுலாப் பயணிகளுக்கான தங்குமிடங்களாக மாறிவருகின்றன. தஞ்சம் புகுந்தவர்களின் ஊர் என்ற அடையாளம் அங்கே நிரந்தரமாக வாழ்பவர்களால்தான் நீடிக்கிறது. ஆகவே கல்லைப் பேணுவதற்கு இணையாக அவர்களின் குடியிருப்பையும் பேண வேண்டும் என்று கருதுகிறேன்.