என்ட்ராப்மென்ட்: 'பொறிவைப்பு' வேண்டாம், 'குற்றவிதைப்பு' என்று வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

குற்றம் செய்யும் எண்ணமே இல்லாத ஒருவரைக் காவலரோ அரசின் ஆளோ தூண்டிக் குற்றம் செய்ய வைத்துப் பிடிப்பதுதான் 'என்ட்ராப்மென்ட்' (entrapment). இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில், 'பொறிவைப்பு' என்று பரிந்துரைத்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொறிவைத்துப் பிடிப்பது சட்டப்படி தவறே இல்லாத வேலை. லஞ்சம் கேட்டதாகப் புகார் வருகிறது, ரசாயனம் தடவிய நோட்டுகளைப் புகார்தாரரிடமே கொடுத்தனுப்பி, அதிகாரி வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிக்கிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் 'பொறிவைத்துப் பிடித்தனர்' என்று வருகிறது. அங்கே பணம் கேட்டது அதிகாரி. கேட்கிற எண்ணமே இல்லாதவரை நச்சரித்து வாங்க வைத்திருந்தால்தான் அது நாம் பேசுகிற விஷயம். நேர்மாறான இந்த இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், தமிழில் வாதாடும் வக்கீல் 'இது பொறிவைப்பு' என்று சொல்வதில் ஒரு பயனும் இருக்காது.

'குற்றத்தூண்டல்' இன்னும் சிக்கல். கொலைக்குத் தூண்டினார், தற்கொலைக்குத் தூண்டினார் என்று தூண்டியவர் மீது வழக்குப் போடுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. நமக்கு வேண்டியது, தூண்டப்பட்டவர் தன் தரப்பு வாதமாக வைக்கிற சொல்.

'காவல் வஞ்சனை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். காவலர் பொய் சொல்வதைச் சட்டம் பெரும்பாலும் தடுப்பதில்லை. மாறுவேடத்தில் இருப்பவரிடம் 'நீ போலீஸா?' என்று கேட்டால் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ அப்படி ஒரு விதியே கிடையாது. பேரும் தொழிலும் பொய்யாக இருக்கலாம். குற்றம் செய்யும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

1958-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஷெர்மன் வழக்கைப் பாருங்கள். போதைப் பழக்கத்தை விடுவதற்காக மருத்துவரிடம் வந்துபோன ஷெர்மன் என்பவரை, அதே இடத்துக்கு அதே சிகிச்சைக்கு வந்த இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார். சிகிச்சை பலிக்கவில்லை, தாங்க முடியவில்லை, எங்காவது வாங்கித் தா என்று கெஞ்சுகிறார். ஷெர்மன் முதலில் தட்டிக்கழிக்கிறார், மறுபடி மறுபடி கேட்கவே கடைசியில் வாங்கிக் கொடுக்கிறார். கெஞ்சியவர் அரசு ஒற்றர். பழைய தண்டனைகளைக் காட்டி 'இவர் தயாராகத்தான் இருந்தார்' என்று அரசு வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. திருந்தப் போன மனிதரை அரசே திரும்ப இழுத்துப் போட்டது, படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் என் பரிந்துரை 'குற்றவிதைப்பு'. இல்லாத எண்ணத்தை ஒருவர் மனத்தில் போடுவது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது, செய்தது யார் என்பதும் தெரிகிறது. 'பொறிவைப்பு' சட்டம் அனுமதிக்கிற நடவடிக்கைக்கே இருக்கட்டும். 1956-இல் ராம்ஜனம் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் இதே கோட்டைத்தான் போட்டது: குற்றம் செய்யத் துடிப்பவருக்கு ஆசைகாட்டுவது வேறு, வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டவரைச் செய்யச் சொல்லி உசுப்புவது வேறு.

அமெரிக்காவில் சம்பந்தப்பட்டவரின் மனநிலையைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். 2001-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, லூஸ்லி வழக்கில், காவலர் நடந்துகொண்ட விதத்துக்கு முதலிடம் கொடுத்தது. சாதாரணமாக யாரும் தரக்கூடிய ஒரு வாய்ப்பைத் தந்தாரா, அதைத் தாண்டிப் போனாரா? தாண்டியிருந்தால் வழக்கையே நிறுத்திவிடலாம். விதைத்தல் காவலரின் செயல் என்பதால் 'குற்றவிதைப்பு' அங்கேயும் பொருந்துகிறது.

அமெரிக்க வழக்குகளில் வருகிற 'ப்ரீடிஸ்பொசிஷன்' (குற்றம் செய்ய ஏற்கெனவே மனம் தயாராக இருந்தது) என்பதற்கு 'முன்நாட்டம்' போதும் என்று நினைக்கிறேன். 'குற்றவிதைப்பு என்ற எதிர்வாதத்தை முறியடிக்க, குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்நாட்டம் இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்' என்று எழுதிப் பார்த்தேன், தடுக்காமல் போகிறது. 'முன்விருப்பம்' என்பவர்கள் அதே வாக்கியத்தில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.