மவுண்ட் வெர்னான் எஸ்டேட்: 1754ஆ, 1761ஆ?

கரையோரம்: பொட்டோமாக் ஆற்றங்கரை மவுண்ட் வெர்னான் ஜார்ஜ் வாஷிங்டன் கைக்கு எந்த ஆண்டு வந்தது? இரண்டு ஆண்டுகள் சொல்கிறார்கள். பின்னால் ஏன் விற்றார்கள்?

ஏடுதேடி: இரண்டும் சரிதான். நிலம் 1674 முதலே குடும்பத்துடையது. ஜார்ஜின் தகப்பனாருடைய மூத்த தாரத்து மகன் லாரன்ஸ், தன் கடற்படைத் தளபதி வெர்னானின் பெயரை அதற்கு வைத்தார். 1752இல் லாரன்ஸ் இறந்ததும், மனைவி ஆனுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும் கிடைத்தது. 1754இல் அவரிடம் ஜார்ஜ் எடுத்தது குத்தகை. 1761இல் ஆன் இறந்த பிறகே முழு உரிமை. அனுபவ உரிமையையும் உடைமையையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்தக் குழப்பம் தீராது.

மண்வளம்: வருமானத்தையும் பாருங்கள். புகையிலை மண்ணைச் சக்கையாக்கியதால் 1760களில் ஜார்ஜ் கோதுமைக்கு மாறினார். வசந்த காலத்தில் ஆற்றில் பெருவலை இழுத்து ஷாட், ஹெர்ரிங் மீன்களை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்தார்கள். இந்த வேலையெல்லாம் அடிமைகள் முதுகில்தான். 1799இல் அங்கே 317 பேர். இதைச் சொல்லாத எஸ்டேட் வரலாறு அரைகுறை.

ஏடுதேடி: விற்பனைக்குக் காரணம் பாகப்பிரிவினை. சுமார் 8,000 ஏக்கர் ஜார்ஜின் உயில்படி பிரிந்தது. மாளிகைப் பகுதி அண்ணன் தம்பி பிள்ளைகள் வழியாக இறங்கியது. சுருங்கிய நிலத்தால் வீட்டைப் பராமரிக்க முடியவில்லை. 1858இல் பெண்கள் சங்கம் ஒன்று மாளிகையையும் 200 ஏக்கரையும் 2 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இன்றும் அவர்கள் வசமே.

தச்சுப்பட்டறை: மாளிகையின் வெளிச்சுவர் கல் மாதிரித் தெரிந்தாலும் கல் அல்ல, பைன் பலகை. விளிம்பைச் சரித்துச் செதுக்கி, ஈரப் பெயிண்டின் மேல் மணல் தூவியது. அந்தப் பூச்சு உரிந்தால் பலகை உளுத்துவிடும்.