புதுப்பிப்பு: ஊரா, தோழியா? அப்பத்தாவும் பார்த்தாச்சு

போன வாரம் லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் (2015) வீடியோ கேமின் முடிவைப் பற்றி எழுதியிருந்தேன். நாயகி மேக்ஸாக விளையாடும் நாம், வருகிற புயலுக்கு ஆர்கேடியா பே ஊரைக் கொடுப்பதா, தோழி க்ளோயியைக் கொடுப்பதா? ஊரைக் காப்பதுதான் அசல் முடிவு, அந்தக் காட்சிதான் நீளம் என்று அடித்துப் பேசினேன். வாபஸ் வாங்குகிறேன். 2024-இல் மேக்ஸின் கதையைத் தொடர்ந்து வந்த அடுத்த ஆட்டம் டபுள் எக்ஸ்போஷர், க்ளோயிக்கு என்ன ஆனது என்று ஆரம்பத்திலேயே நம்மிடம் கேட்கிறது. எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறது. காட்சியின் நீளத்தை அளந்த என்னைச் சொல்ல வேண்டும்.

நேற்று பாம்பனில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகெல்லாம் கரையில். மச்சானும் நானும் மறுபடி விளையாட உட்கார்ந்தோம். அப்பத்தா வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி பார்த்துக்கொண்டிருந்தது. 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடியில் இருந்த ஆள்.

"அந்தப் பிள்ளையோட ஆத்தா எங்க இருக்கா?"

"ஊருக்குள்ளதான். சாப்பாட்டுக் கடையில வேலை."

"அப்புறம் என்னத்தடா யோசிக்கிறிய?"

மச்சான் க்ளோயியைத்தான் காப்பாற்றினான். இடிந்து கிடக்கும் தெரு வழியே மேக்ஸும் க்ளோயியும் வண்டியில் போகிற காட்சி வந்தபோது அப்பத்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டது. அடுத்த ஆட்டத்தை யார் பதிலைச் சொல்லி ஆரம்பிப்பது என்று எங்களுக்குள் இன்னும் சண்டை.