புதுப்பிப்பு: ஹெட் கேஸ்கெட் போன டீசல் ஜீப், முழு ஓவர்ஹால் தேவைப்படவில்லை

2.4 லட்சம் கி.மீ. ஓடிய வண்டி, ஹெட்டுக்கும் (எஞ்சினின் மேல்மூடி) பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா, எஞ்சினையே பிரிக்கணுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ஹெட்டைக் கழற்றி லைனரைப் பார்த்துட்டு முடிவெடுங்க" என்ற யோசனைதான் காப்பாற்றியது. லைனரில் (பிஸ்டன் ஓடும் உருளை) ஹோனிங் கோடுகள், அதாவது தயாரிப்பில் போடும் மெல்லிய குறுக்குக் கோடுகள், இன்னும் தெரிந்தன. மேலே விரல் தடுக்கும் விளிம்பு இல்லை. லைனர் பெரிதாகத் தேயவில்லை என்று அர்த்தம், அதனால் பிஸ்டன், ரிங்கைத் தொடவில்லை. ஹெட் மட்டும் 0.12 மி.மீ. வளைந்திருந்தது. லேத்தில் பேசிங் செய்து (பரப்பைச் சமமாகச் சீவி), வால்வு எவ்வளவு வெளியே நிற்கிறது என்றும் அளந்து, புது போல்ட் போட்டோம். பழையவை நீண்டிருந்தன.

எதிர்பாராதது ரேடியேட்டர். பாதிக் குழாய்கள் அடைப்பு! சூடேறியதற்கு மூலமே அதுதான். கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் அப்புறம் அதுவும் போயிருக்கும். இப்போது 1,500 கி.மீ. ஓடியாச்சு, தண்ணீர் குறையவில்லை.