சர்வீஸ் அக்கவுன்ட் பாஸ்வேர்டுக்குக் காலாவதி வேண்டுமா?

ராத்திரி ஷிப்ட்:
சர்வீஸ் அக்கவுன்ட் என்பது மனிதர் இல்லாமல் அப்ளிகேஷனே டேட்டாபேஸில் நுழையும் யூசர். அதன் பாஸ்வேர்டுக்குக் காலாவதியே வைக்கக் கூடாது என்கிறேன். ஆரக்கிள் டேட்டாபேஸின் 11ஜி பதிப்பு முதல் டீஃபால்ட் ப்ரொஃபைலில் (யூசருக்குத் தானாகப் பொருந்தும் விதித்தொகுப்பு) பாஸ்வேர்டின் ஆயுள் 180 நாள், அப்புறம் 7 நாள் சலுகை. எங்கள் பில்லிங் யூசரை உருவாக்கியபோது இதை யாரும் கவனிக்கவில்லை. சலுகை நாட்களில் ஓரா-28002 (பாஸ்வேர்ட் சீக்கிரம் காலாவதியாகும்) எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஜாவா அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி அதை வார்னிங்காக வாங்கி வைத்துக்கொள்ளும். எடுத்துப் பார்க்க எங்களிடம் கோட் இல்லை. பூலில் (மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் தொகுப்பு) ஏற்கெனவே திறந்திருந்த கனெக்‌ஷன்கள் காலாவதிக்குப் பிறகும் ஓடின. சனிக்கிழமை இரவு பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்து புதிதாக நுழையப் பார்த்தபோதுதான் ஓரா-28001: பாஸ்வேர்ட் காலாவதி. இரண்டு மணி நேரம் பேட்ச் மேல்தான் பழி போட்டோம். ஆயுளை அன்லிமிட்டெட் என்று வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது.

தணிக்கைக்காரி:
அன்லிமிட்டெட் வைத்த ஓர் இடத்துக்கு ஆடிட் போயிருக்கிறேன். ஆறு வருடமாக அதே பாஸ்வேர்ட். கான்ஃபிக் ஃபைலில் இருந்தது, பழைய கிட் ரெப்போவில் (கோட் சேமிப்பிடம்) இருந்தது, எப்போதோ வேலை முடித்துப் போன ஒப்பந்தக்காரருக்கு அனுப்பிய மெயிலிலும் இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு ஒரு சனிக்கிழமை போனது. அங்கே என்ன போனது என்று இன்றுவரை தெரியாது.

ராத்திரி ஷிப்ட்:
அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே கால இடைவெளி வைத்துப் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டதே மேடம்?

தணிக்கைக்காரி:
அது மனிதர் மனப்பாடம் செய்யும் பாஸ்வேர்டுக்கு. அடிக்கடி மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள் என்பதால். சர்வர் எதையும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. கார்டு தகவல் கையாளும் இடமென்றால் கார்டு பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ்-இன் 8.6.3 விதி இருக்கிறது: அப்ளிகேஷன் அக்கவுன்ட் பாஸ்வேர்டையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை நீங்களே ஆபத்தைக் கணித்து முடிவு செய்யலாம். 2025 மார்ச் 31 முதல் இது கட்டாயம்.

பின்முனை:
மாற்றுவதில்தான் எனக்கு அடி விழுந்தது. டேட்டாபேஸில் மாற்றினோம், எல்லா அப்ளிகேஷன் சர்வரிலும் மாற்றினோம். ஒரே ஒரு ரிப்போர்ட் ஜாப் விட்டுப்போனது. அது பழைய பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டே இருக்க, 10 தப்பு முயற்சியில் அக்கவுன்ட் லாக். சரியான பாஸ்வேர்ட் வைத்திருந்த சர்வர்களுக்கும் ஓரா-28000.

தணிக்கைக்காரி:
அதற்கு இப்போது வழி இருக்கிறது. ஆரக்கிள் 19.12 முதல் பாஸ்வேர்ட் ரோல்ஓவர் டைம் வைத்தால் பழையதும் புதியதும் சில நாள் சேர்ந்தே செல்லும். 60 நாள் வரை வைக்கலாம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 8.0.14 முதல் இதற்கு ரீடெய்ன் கரன்ட் பாஸ்வேர்ட் என்று கொடுக்கலாம்.

ராத்திரி ஷிப்ட்:
நாங்கள் இன்னும் ஆரக்கிளின் பழைய 12சி பதிப்பில் இருக்கிறோம்.

பின்முனை:
அப்படியென்றால் இரண்டு யூசர் வைத்துக்கொள்ளுங்கள். டேபிள்கள் தனி ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் தொகுதி), இரண்டு யூசருக்கும் ஒரே உரிமைகள். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றதன் பாஸ்வேர்டை மாற்றி, சர்வர்களை ஒவ்வொன்றாக அதற்குத் திருப்புங்கள்.

ராத்திரி ஷிப்ட்:
சரி, மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. தேதி வந்ததும் டேட்டாபேஸ் தானாகக் கதவை மூடுவதைத்தான் எதிர்க்கிறேன். மாற்றும் நாளை நாங்கள் குறிக்கிறோம், காலாவதியை எடுத்துவிடுகிறோம்.

தணிக்கைக்காரி:
நாள் குறித்துவிட்டுத் தள்ளிப்போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காலாவதியை எடுத்தால் எக்ஸ்பைரி டேட் காலியாகிவிடும், அதை வைத்து அலாரம் அடிக்க முடியாது. ஆரக்கிளின் யூசர் டாலர் (USER$) டேபிளில் பிடைம் (PTIME) என்ற நெடுவரிசையைப் பாருங்கள், கடைசியாக மாற்றிய நாள் தெரியும். அது வரம்பைத் தாண்டினால் உங்கள் மேனேஜருக்கும் மெயில் போகட்டும். அதைக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் 180 நாளே இருக்கட்டும்.

ராத்திரி ஷிப்ட்:
இப்போது பிடைம் பார்த்தேன். நான்கு அக்கவுன்ட் 2019-க்குப் பிறகு மாறவே இல்லை. அதில் ஒன்று யாருடையது என்றே இங்கே யாருக்கும் தெரியவில்லை. எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று இப்போது இணைந்திருப்பவர்களைக் காட்டும் வி டாலர் செஷனை (V$SESSION) மாதக் கடைசி வரை பதிவு செய்கிறேன். அதுவரை அதைத் தொட மாட்டேன்.