ஸ்கோப் 3-க்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சு

திருப்பூரிலிருந்து:
வணக்கம். சாயப்பட்டறை மேற்பார்வையாளர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஐரோப்பிய பையர்கள் துணியோடு கார்பன் கணக்கும் கேட்கிறார்கள். பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கிடும் உலக விதிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகால்படி சொந்த பாய்லர் புகை ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. நூல் வாங்குவதிலிருந்து சட்டை குப்பைக்குப் போவது வரை மிச்சமெல்லாம் ஸ்கோப் 3. அதற்குள் 15 இனங்கள். 'விநியோகச் சங்கிலி உமிழ்வு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:
விநியோகம் வடசொல். சங்கிலியும் 'ச்ருங்கலா' வழி வந்ததே. 'வழங்கல் தொடரி உமிழ்வு' என்க.

சென்னையிலிருந்து:
ஐயா, தொடரி என்று ரயிலுக்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டோம். ரயில் புகை என்று நினைப்பார்கள். 'விநியோக'த்திலும் சிக்கல் உண்டு: சரக்கு அனுப்புவதுதான் நினைவுக்கு வரும், நூல் வாங்குவது வராது.

தஞ்சாவூரிலிருந்து:
எங்கள் ஊரில் சொல் தயாராக இருக்கிறதே! பட்டறைக்கு முன்னால் நடப்பது தலைமடை உமிழ்வு, பின்னால் நடப்பது கடைமடை உமிழ்வு. வாங்கியவர் வீட்டில் சட்டை துவைக்கும் மின்சாரத்தைச் சேர்ப்பது கம்பெனியின் விருப்பம் என்கிறது விதி. கடைமடைக்குத் தண்ணீர் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

திருப்பூரிலிருந்து:
அழகுதான். ஆனால் 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதை இங்கே யாரும் மறக்கவில்லை. மடை என்றாலே நொய்யல் ஆறும் சாயக்கழிவும்தான். புகைக்கணக்கு என்று புரியவைக்க இன்னொரு வகுப்பு எடுக்க வேண்டும்.

மதுரையிலிருந்து:
அப்படியானால் அந்தாதி உமிழ்வு. பட்டறையின் ஸ்கோப் 1 தானே பையரின் ஸ்கோப் 3-இல் போய் நிற்கிறது? ஒன்றன் ஈறு அடுத்ததன் முதல். இரட்டைமணிமாலை, கலம்பகம் ஆகிய சிற்றிலக்கியங்கள் அந்தாதியாகத் தொடுத்து, கடைசியில் மண்டலித்து, அதாவது இறுதி முதலோடு வந்து சேர்ந்து, முடியும். மறுசுழற்சிக்கு 'மண்டலித்தல்' என்ற சொல்லும் இதில் கிடைத்துவிடுகிறது.

சென்னையிலிருந்து:
பாய்லர் ஆபரேட்டருக்கு யாப்பிலக்கணமா? 'பிறர்வழி உமிழ்வு' போதும்.

திருப்பூரிலிருந்து:
நான்கு பேர் தனிமடலில் பிறர்வழிக்கே கை தூக்கியிருக்கிறார்கள். 'பிறர்வழி உமிழ்வு (ஸ்கோப் 3)' என்று போடுகிறேன். மண்டலித்தல் அடுத்த கையேட்டுக்கு.

மதுரையிலிருந்து:
வாங்கும் மின்சாரமும் பிறர் எரித்த நிலக்கரிதானே? ஸ்கோப் 2 மட்டும் எப்படித் தன்வழி ஆகும்? என் மறுப்பைப் பதிந்துகொள்க.